காட்மியம் செலினைடு குவாண்டம் டாட்: சூடேறும்போது ஒளிர்வு நகர்வதை நம்பும்படி அளப்பது எப்படி?

#1 இளவேனில்

வணக்கம். துத்தநாக சல்பைடு உறை போட்ட காட்மியம் செலினைடு குவாண்டம் டாட் (சில நானோமீட்டர் அளவுள்ள குறைகடத்தித் துகள்). 25 டிகிரி செல்சியஸில் ஒளிர்வு பீக் 620 நானோமீட்டர், பாதி உயரத்தில் அகலம் 30 நானோமீட்டர். டொலுவீனில் கரைத்து, குவெட்டில் (ஒளி அளவீட்டுக்கான சதுரக் குப்பியில்) ஊற்றி, 405 நானோமீட்டர் லேசரால் தூண்டி, 10 முதல் 80 டிகிரி வரை அளக்கிறேன். அடுத்து ஃபிலிமாக்கி 80 கெல்வின் வரை இறக்க வேண்டும்.

மூன்று கேள்விகள். பீக் எவ்வளவு நகர்ந்தால் அது நியாயமான எண்? 80 டிகிரி போய்த் திரும்பினால் ஒளிர்வின் வலு பழைய அளவுக்கு வருவதில்லை, ஏன்? பட்டை இடைவெளி வெப்பநிலையோடு மாறுவதைச் சொல்லும் வர்ஷ்னி சமன்பாட்டில் ஃபிட் செய்தால், அதன் மாறிலியான பீட்டா ஒரு முறை 80 கெல்வின், இன்னொரு முறை 500 கெல்வின் என்று வருகிறது. எதை எழுதுவது?

#2 பட்டை_இடைவெளி

முதல் கேள்விக்கு ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் சாம்பிளுக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.09 நானோமீட்டர், சிவப்புப் பக்கமாக.

இது வரும் வழி வர்ஷ்னி சமன்பாடு. இதில் இடைவெளி என்பது பட்டை இடைவெளி, அதாவது ஒளிர்வின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல். இடைவெளி = பூச்சிய கெல்வின் இடைவெளி − ஆல்ஃபா × வெப்பநிலை² ÷ (வெப்பநிலை + பீட்டா). காட்மியம் செலினைடுக்கு ஆல்ஃபா கெல்வினுக்கு 0.3 முதல் 0.4 மில்லி எலெக்ட்ரான்வோல்ட் (இனி மி.எ.வோ.), பீட்டா 200 கெல்வினை ஒட்டி. ஆல்ஃபாவை 0.35 என்று வைத்தால் 300 கெல்வினில் சரிவு கெல்வினுக்கு 0.29 மி.எ.வோ. 620 நானோமீட்டரில் 1 மி.எ.வோ. என்பது 0.31 நானோமீட்டர். பெருக்கினால் 0.09. ஆகவே 70 டிகிரி ஏற்றத்துக்கு 6 நானோமீட்டருக்குச் சற்று மேல். இதில் பாதியோ இரு மடங்கோ வந்தால் முதலில் வெப்பமானியைச் சந்தேகியுங்கள், பிறகு சாம்பிளை.

சூட்டில் துகள் வீங்குகிறது, வீங்கியதால் அடைப்பு (எலெக்ட்ரான் சிறு இடத்தில் அடைபடுவது) தளர்ந்து நிறம் சிவக்கிறது என்று பலர் விளக்குகிறார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. விரிவுக் கெழு கெல்வினுக்கு மில்லியனில் சில பங்கு. 200 கெல்வின் ஏற்றத்தில் ஆரம் 0.1 சதவீதம் கூடும். அடைப்பு ஆற்றல் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்றே வைத்தாலும் 0.2 சதவீதம்தான் குறையும். 620 நானோமீட்டர் டாட்டின் ஆற்றல் 2.0 எலெக்ட்ரான்வோல்ட், பெரும்படிகத்தின் (துகளாக்காத பெரிய படிகத்தின்) இடைவெளி 1.74, இடையே உள்ளது 0.26. அதில் 0.2 சதவீதம் என்பது அரை மி.எ.வோ. ஆனால் 100 கெல்வினிலிருந்து 300 வரை நாம் காண்பது 50 மி.எ.வோ. நகர்வு. படிக அணி விரிவதால் பட்டை இடைவெளியே குறையும் பங்கு தனியாக உண்டு, அதுவும் சிறிது. பெரும்பங்கு அணி அதிர்வுகளோடு, அதாவது ஃபோனான்களோடு, எலெக்ட்ரான் கொள்ளும் பிணைப்பிலிருந்து வருகிறது. அளவு எதுவானாலும் காட்மியம் செலினைடு டாட்களின் வெப்பநிலைச் சரிவு பெரும்படிகத்தை ஒட்டியே இருப்பதற்கும் இதுவே காரணம்.

#3 குளிர்கூடம்

எண்ணைச் சொல்லிட்டாங்க. அந்த எண் வரணும்னா குவெட்டுக்குள்ள உண்மையான வெப்பநிலை தெரியணும்.

பெல்டியர் ஹோல்டர் (மின்சாரத்தால சூடேத்தி, குளிர்விக்கிற குவெட் தாங்கி) காட்டுறது உலோகக் கட்டையோட சூடு, திரவத்தோடது இல்ல. 80 டிகிரியில ரெண்டுக்கும் 2 டிகிரி வித்தியாசம் சாதாரணம். மெல்லிய கே வகை தெர்மோகப்பிளை மூடி வழியா இறக்கி, ஒளி போற பாதைக்கு மேலே திரவத்துல முங்குற மாதிரி வைங்க. பிடி100 (பிளாட்டினம் தடை வெப்பமானி) வச்சா நாலு கம்பி இணைப்பு கட்டாயம். டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். ரெண்டு கம்பி போட்டு, கம்பியோட தடை 1 ஓம் இருந்தா அதுவே 2.6 டிகிரி பிழை. காந்தக் கலக்கி ஓடணும். கட்டை நிலைச்சதுக்கு அப்புறம் 10 நிமிஷம் விடுங்க.

டொலுவீன் டிகிரிக்கு 0.11 சதவீதம் விரியும். 25லேருந்து 80க்குப் போனா 6 சதவீதம் பருமன் கூடும், செறிவு அதே அளவு குறையும். டெஃப்ளான் மூடிக்குக் கீழ அதுக்கு இடம் விடுங்க. டொலுவீனோட ஒளிவிலகல் எண்ணும் டிகிரிக்கு 0.00056 இறங்கும், இதனால சேகரிக்கிற ஒளி 4 சதவீதம் வரை கூடும். ஒண்ணு குறைக்குது, ஒண்ணு கூட்டுது. ரெண்டையும் திருத்தாம வலுவைப் பத்திப் பேசக்கூடாது.

உறிஞ்சல்: 405 நானோமீட்டரில 0.1க்கு மேல போகவே வேண்டாம். அதிகமானா லேசர் முன்சுவர்லயே தீர்ந்துடும், ஒளிர்வோட நீலப் பக்கத்தை டாட்களே மறுபடி உறிஞ்சி பீக்கைச் சிவப்பாக்கும்.

10 டிகிரிக்கு இறக்கும்போது குவெட் வெளிச்சுவர்ல பனி படியும். கடலோர ஊர்ல காற்றோட பனிநிலை வருஷத்துல பெரும்பகுதி 20 டிகிரிக்கு மேலதான் இருக்கும். உலர் நைட்ரஜனை ஹோல்டர் வழியா ஓடவிடுங்க. பனி படிஞ்ச குவெட் தர்ற எண்ணைப் பார்த்து "குளிர்ல ஒளிர்வு குறையுது"ன்னு முடிவு கட்டிடக்கூடாது.

கடைசியா ஸ்பெக்ட்ரோமீட்டர். சின்ன ஃபைபர் கருவியில ஒரு பிக்சல் 0.3 நானோமீட்டர் வரும். பீக்கைச் சுத்தி ஃபிட் பண்ணி மையத்தை எடுத்தா 0.05 வரை நம்பலாம், அது அரை டிகிரிக்குச் சமம். ஆனா அறையோட சூடு மாறினா கருவியோட அலைநீள அளவே நகரும். தொடக்கத்துலயும் முடிவுலயும் பாதரச விளக்கோட 576.96, 579.07 கோடுகளையும் நியான் 640.22 கோட்டையும் ஒரு தடவை எடுத்து வைங்க. 620 அதுங்களுக்கு நடுவுல உக்காரும்.

#4 வேதிக்குடுவை

இரண்டாம் கேள்வி வேதியியல். சூட்டில் வலு குறைவது இரண்டு வகை: குளிர்ந்ததும் மீள்வது, மீளாதது. இரண்டையும் பிரிக்காமல் ஒரே ஏற்றத்தில் எடுத்த வளைகோட்டை எந்தச் சமன்பாட்டிலும் போடக்கூடாது.

பிரிக்கும் முறை: 25 → 40 → 25 → 50 → 25 → 60 → 25 என்று படிப்படியாக ஏறுங்கள். ஒவ்வொரு உச்சத்திலும் 10 நிமிடம். ஒவ்வொரு முறை 25க்குத் திரும்பும்போதும் ஒரு ஸ்பெக்ட்ரம். எந்த உச்சத்துக்குப் பிறகு 25இன் எண் விழுகிறதோ அதற்குக் கீழேதான் உங்கள் சாம்பிளின் பாதுகாப்பான எல்லை. இதே கால அளவுக்கு, இதே லேசரில், 25 டிகிரியிலேயே வைத்த இன்னொரு குவெட் தேவை. ஒளியால் வரும் மாற்றத்தை அது காட்டும். குவாண்டம் டாட் ஒளி பட்டு மங்கவும் செய்யும், ஒளி பட்டுப் பிரகாசமாகவும் செய்யும். ஷட்டர் போட்டு, ஸ்பெக்ட்ரம் எடுக்கும் நொடிகளில் மட்டும் திறப்பது நல்லது.

திரும்பிய பிறகு பீக் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் நின்று வலு மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் பரப்பிலிருந்த லிகண்ட் (துகளைப் போர்த்தும் கரிம மூலக்கூறு) கழன்றிருக்கிறது. நீலப் பக்கம் போயிருந்தால் பரப்பு ஆக்சிஜனேற்றமாகி கரு சுருங்குகிறது. சிவப்பாகி, கரைசலும் கலங்கலாக இருந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

லிகண்ட் கழல்வது சமநிலை வினை. கரைசலை நீர்க்கச் செய்யும்போதே சமநிலை கழலும் பக்கம் சாய்கிறது, சூடு அதை இன்னும் தள்ளுகிறது. உறிஞ்சல் 0.1 வேண்டும் என்று குளிர்கூடம் சொன்னது சரி, ஆனால் அந்த நீர்ப்பில் லிகண்ட் குறைபாடு கூர்மையாகத் தெரியும். எத்தனாலிலோ மெத்தனாலிலோ பல முறை கழுவிய சாம்பிள் இன்னும் மோசம். 3 மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோலிட்டர் ஓலைலமீன் (லிகண்டாக ஒட்டும் அமீன்) சேர்த்து இதே சுற்றை ஓட்டிப் பாருங்கள். மீள்வு கூடினால் காரணம் உறுதி. சேர்த்த பிறகு எல்லா அளவீடும் அதே கரைசலில்தான். ஆக்சிஜனுக்கு, செப்டம் மூடி வழியாக 15 நிமிடம் ஆர்கான் விடுங்கள். ஆர்கானை முதலில் வேறொரு டொலுவீன் குடுவை வழியாக அனுப்பி ஆவி நிறைத்து விட வேண்டும். இல்லையென்றால் குவெட்டில் உள்ள டொலுவீனே ஆவியாகிச் செறிவு மாறிவிடும்.

உறையைப் பற்றியும் ஒன்று. காட்மியம் செலினைடுக்கும் துத்தநாக சல்பைடுக்கும் அணி அளவில் 12 சதவீத வேறுபாடு. சில அடுக்குகளைத் தாண்டி நேரடியாக வளர்த்தால் இடைமுகத்தில் குறைகள் விழும், அந்தக் குறைகள்தான் சூட்டில் மின்னூட்டத்தைப் பிடிக்கும். காட்மியம் சல்பைடு 4 சதவீதமே வேறுபடுவதால் அதை நடுவில் இட்ட உறைகள் சூட்டை நன்றாகத் தாங்குகின்றன. குப்பியில் ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும் இரண்டு தயாரிப்புகளின் வெப்ப மங்கல் வேறாக இருப்பது இதனால்தான்.

#5 இளவேனில்

மிக்க நன்றி. பீக் அதே இடத்துக்குத் திரும்புகிறது, வலு மட்டும்தான் குறைவு. ஓலைலமீன் சோதனை செய்கிறேன். பீட்டாவைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

#6 பட்டை_இடைவெளி

10 முதல் 80 டிகிரி வரையான தரவில் பீட்டா என்ற தகவலே இல்லை, அதனால்தான் ஃபிட் அலைகிறது.

பீட்டா 200 என்று வைத்து இரு முனைகளிலும் சரிவைப் பாருங்கள். 283 கெல்வினில் ஆல்ஃபாவின் 0.83 மடங்கு, 353 கெல்வினில் 0.87 மடங்கு. இந்த 70 டிகிரியில் வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள அதிகபட்ச விலகல் 0.12 மி.எ.வோ., அதாவது 0.04 நானோமீட்டர். உங்கள் கருவியால் அதைப் பார்க்க முடியாது. ஆல்ஃபாவைக் கூட்டி பீட்டாவையும் கூட்டினால் அதே கோடு கிடைக்கும். ஆகவே இந்த வரம்பில் நேர்கோடு போட்டு, சரிவை மட்டும் எழுதுங்கள். வர்ஷ்னிக்கு 80 கெல்வின் தரவு வரட்டும்.

வந்த பிறகும் எனக்கு வர்ஷ்னி மேல் பெரிய பிடிப்பு இல்லை. ஒட்டாவாவில் பணியாற்றிய வர்ஷ்னி 1967இல் வெளியிட்டது ஓர் அனுபவச் சமன்பாடு. பீட்டாவை டிபை வெப்பநிலையோடு (அணி அதிர்வுகளின் உச்ச ஆற்றலைக் குறிக்கும் வெப்பநிலை) ஒப்பிடுவது வழக்கம், ஆனால் வைரத்துக்கு அவருடைய கட்டுரையிலேயே பீட்டா எதிர்மறை எண். ஃபோனான் எண்ணிக்கையை நேரடியாக வைக்கும் போஸ்–ஐன்ஸ்டீன் வடிவம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: இடைவெளி = பூச்சிய இடைவெளி − 2 × பிணைப்பு எண் × ஃபோனான் ஆற்றல் ÷ (அடுக்குக்குறி(ஃபோனான் ஆற்றல் ÷ வெப்ப ஆற்றல்) − 1). காட்மியம் செலினைடின் நீள்வாட்டு ஒளியியல் ஃபோனான் 26 மி.எ.வோ.; ஃபிட்டில் வரும் சராசரி அதற்குக் கீழே இருந்தால் தவறில்லை, ஒலியியல் ஃபோனான்களும் பங்கேற்கின்றன.

ஃபிட்டுக்கு முன் ஒரு வேலை. அலைநீள அச்சை ஆற்றல் அச்சாக மாற்றும்போது வலுவை அலைநீளத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். 30 நானோமீட்டர் அகலமான பீக்கில் இதை விட்டால் பீக் சில மி.எ.வோ. இடம் மாறும், வெப்பநிலைக்கு ஏற்ப அகலம் மாறுவதால் அந்தப் பிழையும் சேர்ந்து மாறும்.

#7 நிறமாலை_வாசகன்

ஒரு மாற்றுக் கருத்து. போஸ்–ஐன்ஸ்டீன் இயற்பியல் ரீதியாகச் சிறந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் பழைய கட்டுரைகள் பலவற்றில் ஆல்ஃபா, பீட்டா என்றுதான் இருக்கிறது. ஒப்பிட முடியாத எண் பிறருக்குப் பயன்படாது. இரண்டையும் கொடுங்கள். பீட்டாவை 200இல் கட்டிவைத்து ஆல்ஃபாவை மட்டும் விட்டால் அறைவெப்பத் தரவுக்கும் பொருளுள்ள எண் கிடைக்கும். கட்டிவைத்தேன் என்று வெளிப்படையாக எழுதினால் போதும்.

#8 பட்டை_இடைவெளி

கட்டிவைப்பதை எழுதும்வரை எனக்கும் சம்மதம். எழுதாமல் ஆல்ஃபாவுக்கு மூன்று தசம இடம் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். ஆல்ஃபாவோடு 300 கெல்வின் சரிவையும் தனியே கொடுங்கள். எந்தச் சமன்பாடு போட்டாலும் மாறாத எண் அதுதான்.

#9 குளிர்கூடம்

80 கெல்வின் ஃபிலிம் பத்தி.

டொலுவீன் கரைசலை அப்படியே குளிர்விக்க முடியாது, 178 கெல்வின்ல உறைஞ்சு படிகமாகும், டாட்களை ஒதுக்கித் திரளவிடும். பி.எம்.எம்.ஏ. பாலிமரை எடை அளவுல 5 சதவீதம் டொலுவீன்ல கரைச்சு, அதுல டாட் கலந்து, நிமிஷத்துக்கு 2000 சுற்றுல ஸ்பின் பண்ணுங்க. பாலிமர் எடையில டாட் 0.1 சதவீதம் போதும். கூடினா சின்ன டாட்லேருந்து பெரிய டாட்டுக்கு ஆற்றல் தாவி பீக் சிவப்பாகும், அந்தத் தாவலும் வெப்பநிலையோட மாறும். அப்புறம் எது எதனாலன்னு பிரிக்க முடியாது. மேல் வரம்பு 350 கெல்வின், பி.எம்.எம்.ஏ. 105 டிகிரி வாக்குல இளகும்.

அடித்தட்டு கண்ணாடி வேண்டாம், சஃபையர். குளிர்ல கண்ணாடியைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்தும். சஃபையர்ல குரோமியம் மாசு இருந்தா 694 நானோமீட்டர் பக்கம் கூர்மையான கோடு வரும், அது டாட் இல்ல. தட்டுக்கும் குளிர்விரலுக்கும் (குளிர்விக்கிற கருவியோட உலோக முனை) நடுவுல அபீசான் என் கிரீஸ் மெல்லிசா. அது 30 டிகிரிக்கு மேல உதவாது, அதனால சூடான பாதிக்கு வெள்ளிப் பேஸ்ட் போட்டுத் தனியா ஓட்டுங்க. சென்சார் குளிர்விரல்ல இல்ல, சஃபையர் மேல, ஃபிலிமுக்குப் பக்கத்துல இருக்கணும்.

வெற்றிடம் போட்டதும் 300 கெல்வின்லயே வலு மாறும், ஆக்சிஜனும் ஈரமும் வெளியேறுது. எண் நிலைக்கிற வரை குளிர்விக்க ஆரம்பிக்காதீங்க. 80 கெல்வின்ல லேசர் வலுவை பத்துல ஒண்ணா குறைச்சுப் பாருங்க. பீக் நீலமா நகர்ந்தா லேசரே ஃபிலிமைச் சூடாக்குதுன்னு அர்த்தம். சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட்டுக்குக் கீழ வச்சா ஒரு டாட்ல ரெண்டு எக்சிட்டான் (ஒளி உண்டாக்குற எலெக்ட்ரான்–துளை ஜோடி) சேர்ற பயமும் இல்ல.

எல்லாம் ஒழுங்கா இருந்தா 80 கெல்வின்ல உங்க பீக் 603 நானோமீட்டர் பக்கம் வரணும், அகலமும் குறையணும். அகலம் ஓரளவுக்கு மேல குறையாது, மிச்சம் இருக்கிறது டாட்களோட அளவுச் சிதறல்.

#10 சிறுதுகள்

அப்படியானால் எந்த குவாண்டம் டாட்டையும் சூடாக்கினால் சிவப்புப் பக்கம்தான் போகும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#11 பட்டை_இடைவெளி

கூடாது. ஈயச் சல்பைடின் பெரும்படிகத்தில் சூடேற இடைவெளி கூடுகிறது: 4 கெல்வினில் 0.29 எலெக்ட்ரான்வோல்ட், 300இல் 0.41. அதன் டாட்களில் அளவு சிறுக்கச் சிறுக்க இந்த ஏற்றம் தளர்ந்து, மிகச் சிறிய டாட்களில் குறியே மாறிவிடும். காட்மியம் செலினைடில் அளவு பெரிதாகப் பொருட்டில்லை என்று #2இல் சொன்னதை ஈயச் சேர்மங்களுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

சீசியம் ஈய புரோமைடு பெரோவ்ஸ்கைட் துகள்களும் சூட்டில் நீலமாகும். அங்கே இணைதிறன் பட்டையின் உச்சி ஈயமும் புரோமினும் சேர்ந்த எதிர்ப்பிணைப்பு நிலை. அணி விரிந்தால் அது கீழிறங்கி இடைவெளி அகல்கிறது. பெரும்படிகம் 88 டிகிரியிலும் 130 டிகிரியிலும் கட்டமைப்பு மாறுவதால், அந்த இடங்களைத் தாண்டி ஒரே வளைகோடு வரையக்கூடாது.

#12 நிறமாலை_வாசகன்

ஒளிர்வின் ஆயுட்காலமும் (துடிப்புக்குப் பிறகு ஒளிர்வு தணிய எடுக்கும் நேரம்) அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். வலு 60 சதவீதமாகி ஆயுட்காலமும் அதே 60 சதவீதமானால் எல்லா டாட்களிலும் ஒளிராச் சிதைவு வேகமெடுத்திருக்கிறது. வலு குறைந்து ஆயுட்காலம் அப்படியே இருந்தால் ஒரு பங்கு டாட்கள் முழுக்க அணைந்துவிட்டன, மீதி பழையபடியே ஒளிர்கின்றன. வேதிக்குடுவை சொன்ன மீளா இழப்பு பல சமயம் இரண்டாம் வகை. அறைவெப்பத்தில் 20 நானோநொடி அளவு வரும். லேசர் துடிப்புகளுக்கு இடையேயான நேரம் அதன் பத்து மடங்காவது, ஆகவே 5 மெகாஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். 20 கெல்வினுக்குக் கீழே போகிறவர்களுக்கு மட்டும்: அங்கே எக்சிட்டானின் இருள் நிலை (எளிதில் ஒளிராத நிலை) முந்திக்கொள்ளும், ஆயுட்காலம் மைக்ரோநொடிக்கு நீளும், 100 கிலோஹெர்ட்ஸே அதிகபட்சம்.

#13 சிறுதுகள்

இந்த டாட்டை வெப்பமானியாகப் பயன்படுத்தினால் வலுவைப் படிப்பதா, பீக்கைப் படிப்பதா?

#14 வேதிக்குடுவை

பீக். வலு டிகிரிக்கு அதிகமாக மாறுவதால் கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் லேசர் ஏற்றத்தாழ்வு, செறிவு, லிகண்ட் இழப்பு எல்லாம் அதில் கலக்கும். தொலைக்காட்சித் திரைகளிலும் இந்தச் சூட்டுக் கவலைதான் டாட்டின் இடத்தைத் தீர்மானித்தது. நீல எல்இடி சில்லின் மேலேயே பூசினால் 100 டிகிரியைத் தாண்டும் சூட்டையும் அடர்ந்த ஒளியையும் தாங்க வேண்டும். அதனால் டாட்கள் சில்லிலிருந்து விலகி, ஆக்சிஜன் புகாத இரு படலங்களுக்கு நடுவே தனி ஃபிலிமாகத் திரை முழுவதும் விரிக்கப்பட்டன.

#15 இளவேனில்

கடைசியாக ஒன்று. 10–80 டிகிரி வலுத் தரவிலிருந்து வெப்ப மங்கலின் ஆக்டிவேஷன் ஆற்றலை (மங்கல் நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றலை) எடுக்கலாமா? அர்ரீனியஸ் ஃபிட் அழகாக உட்காருகிறது.

#16 பட்டை_இடைவெளி

உட்காரும், ஆனால் எண் நிற்காது. அந்தச் சமன்பாட்டில் மூன்று மாறிகள்: மங்கல் தொடங்காத நிலையின் வலு, முன்கெழு, ஆக்டிவேஷன் ஆற்றல். உங்கள் தரவில் முதலாவது இல்லவே இல்லை, 10 டிகிரியிலேயே மங்கல் தொடங்கிவிட்டது. அதை 20 சதவீதம் மாற்றி மறுபடி ஃபிட் செய்து பாருங்கள், ஆற்றல் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். கிடைத்த எண்ணை உறைக்கு மேலே மின்னூட்டம் தப்பும் தடையோடு ஒப்பிடவும் வேண்டாம். துத்தநாக சல்பைடு உறையின் தடை எலெக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கிறது, 350 கெல்வினில் வெப்ப ஆற்றலோ 30 மி.எ.வோ. உங்கள் வரம்பில் நடப்பது மின்னூட்டம் பரப்பிலும் இடைமுகத்திலும் உள்ள பொறிகளில் (அதைப் பிடிக்கும் குறைகளில்) மாட்டுவது.

#17 குளிர்கூடம்

ஃபிலிம் தரவு வந்ததும் 80லேருந்து மேல போகும்போது ஒரு தொகுதி, இறங்கும்போது ஒரு தொகுதி, ரெண்டையும் ஒரே படத்துல போடுங்க. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, 80 பக்கம் வலு தட்டையாகியிருந்தா ஆக்டிவேஷன் ஆற்றலை எழுதலாம். 80லயும் ஏறிக்கிட்டே இருந்தா எழுதாதீங்க. 300க்கும் 80க்கும் உள்ள வலு விகிதத்தை மட்டும் போடுங்க.